பியர் வாங்குபவர் முதலில் திகதியைப் பார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருகோணமலையில் சுற்றுலாப் பருவம் மீண்டும் தொடங்கியிருக்கிறது. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் உள்ள கடற்கரை விடுதிகள் சிலவற்றின் விலைப்பட்டியலில், வழக்கமான பியர் வகைகளுக்கு மேலே, ‘கிராஃப்ட் பியர்’ என்ற தலைப்பில் வெளிநாட்டு ரின்கள் இடம்பிடித்திருக்கின்றன. அவற்றின் விலை, லாகர் எனப்படும் வழக்கமான வெளிர்பொன் நிற உள்ளூர் பியர்ப் போத்தலின் விலையைவிட இரண்டு மடங்குக்கும் கூடுதலாக இருக்கிறது. விலை கூடியது என்பதாலேயே அது தரமானது என்று எங்கள் இளைஞர்களும், கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் விடுமுறைக்கு வரும் எங்கள் உறவினர்களும் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை தவறானது என்றும், ஒரு பியர் நல்லதா கெட்டதா என்பதை அதன் வகையும் விலையும் தீர்மானிப்பதற்கு முன்னரே அதன் வயதும் அது வைக்கப்பட்டிருந்த இடமும் தீர்மானித்துவிடுகின்றன என்றும் நான் உறுதியாகக் கருதுகிறேன். இது பலருக்கு உவப்பான கருத்தாக இராது என்பதை அறிந்தே எழுதுகிறேன்.

நான் 19 ஆண்டுகள் உப்புவெளிக் கரையோர விடுதியொன்றில் களஞ்சியப் பொறுப்பாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். அரிசி மூட்டையும் மீனும் மரக்கறியும் போலவே பியர் பெட்டிகளும் என் கையால் இறக்கப்பட்டு, எண்ணப்பட்டு, அடுக்கப்பட்டன. மதுவைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுவதே முறையன்று என்று எண்ணும் வாசகர்களை நான் மதிக்கிறேன். குடியால் சிதைந்த குடும்பங்கள் என் வீதியிலும் உண்டு, அவர்களுடைய பிள்ளைகளை எனக்குப் பெயர் சொல்லித் தெரியும். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மதுசாரம் விற்பதையும், மதுசாரத்துக்கு விளம்பரம் செய்வதையும் தடை செய்கிறது. இரண்டும் வேண்டிய தடைகளே. யாரையும் குடிக்கத் தூண்டுவதற்காக நான் இதை எழுதவில்லை. ஆனால் சட்டப்படி வாங்கக்கூடிய வயதுடைய ஒருவர் தம் உழைப்பில் கிடைத்த பணத்தைக் கொடுத்து ஓர் உணவுப் பொருளை வாங்கும்போது, அது பழுதடைந்ததா இல்லையா என்பதை அறியும் உரிமை அவருக்கு உண்டு. பாண் வாங்குபவருக்கும் பால்மா வாங்குபவருக்கும் இருக்கும் அதே உரிமைதான் அது.

கிராஃப்ட் பியர் என்பது சிறு ஆலைகளில், சிறு அளவில், கவனத்தோடு காய்ச்சப்படும் பியர் என்று சுருக்கமாகச் சொல்லலாம். அமெரிக்காவில் 1965ஆம் ஆண்டில் பிரிட்ஸ் மேடாக் என்பவர் சான் பிரான்சிஸ்கோவில் மூடும் நிலையிலிருந்த ஆங்கர் ஆலையை வாங்கிக் காப்பாற்றியதையும், 1978இல் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் வீட்டில் பியர் காய்ச்சுவதை அனுமதிக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டதையும், 1980இல் கலிபோர்னியாவில் சியரா நெவாடா ஆலை ‘பேல் ஏல்’ என்னும் தன் வெளிர்நிற பியரைக் காய்ச்சத் தொடங்கியதையும் இந்த இயக்கத்தின் தொடக்கப் படிகளாகச் சொல்வார்கள். பெரிய ஆலைகள் எங்கும் ஒரே மாதிரியான, மணமற்ற பியரைச் செய்து குவித்த காலத்தில், பக்கத்து ஊரில் காய்ச்சி, அந்த ஊரவர்களுக்கே புதிதாக ஊற்றிக் கொடுத்ததுதான் அந்தச் சிறு ஆலைகளின் பெருமை. அந்தப் பெருமை பத்தாயிரம் கிலோமீற்றருக்கும் அப்பால், கொள்கலனில் கடல் கடந்து, கொழும்புத் துறைமுகத்தில் காத்திருந்து, லொறியில் ஏறித் திருகோணமலைக்கு வந்து சேரும்போது எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்பதே என் கேள்வி.

எங்கள் விடுதிக்கு வெளிநாட்டு ரின்கள் பெருமளவில் வரத் தொடங்கியது 2016இல். அவ்வாண்டு மே மாத வெள்ளத்தில் பியகமையில் உள்ள லயன் ஆலை நீரில் மூழ்கி உற்பத்தி நின்றபோது, நாடெங்கும் பியருக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டு, இறக்குமதிகள் அந்த இடத்தை நிரப்பின. அதற்குச் சில பருவங்களின் பின்னர், ஓர் ஆகஸ்ட் மாதப் பிற்பகலில் நடந்தது இது. ஸ்கொட்லாந்திலிருந்து வந்திருந்த முதியவர் ஒருவர் பட்டியலில் இருந்த, பழ வாசமும் கசப்பும் தூக்கலான ஐ.பி.ஏ. வகை பியரைக் கேட்டார். பரிமாறும் பையன் ரின்னைக் கொண்டுபோய் வைத்ததும் அவர் அதைத் திறக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரின்னைக் கவிழ்த்து, அடியில் அச்சிடப்பட்டிருந்த சிறிய எழுத்துகளை வாசித்தார். பிறகு திறந்து, அரைக் கிளாஸ் ஊற்றி, முகர்ந்து பார்த்து, ஒரு மிடறு குடித்துவிட்டுக் கிளாஸை ஓரமாக வைத்தார். பையனிடம் ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை; பணத்தை முழுதாகக் கொடுத்துவிட்டு, குளிர்ந்த தண்ணீர்ப் போத்தல் ஒன்று வாங்கிக்கொண்டு எழுந்து போனார்.

மீதியை நான் களஞ்சியத்துக்கு எடுத்துச் சென்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பொன்னிறமாக இருக்க வேண்டிய பியர் வெறுந்தேநீரின் நிறத்தில் இருந்தது. முகர்ந்தபோது, மழையில் நனைந்து காய்ந்த காட்போட் பெட்டியின் வாடை அடித்தது; அதற்கு அடியில் பழந்தேனின் கனத்த இனிப்பு வாசம். நாக்கின் பின்பகுதியில் கசப்பு மட்டும் முரட்டுத்தனமாக நின்றது. அந்த வகைக்கே உரியதென ரின்னில் எழுதப்பட்டிருந்த மாம்பழ வாசமும் தோடம்பழத் தோலின் வாசமும் இருந்த இடம் தெரியவில்லை. அடைத்த திகதியைப் பார்த்தேன். பதினொரு மாதங்கள் கடந்திருந்தன. ‘இத்திகதிக்கு முன் பாவிக்கவும்’ என்று அச்சிடப்பட்ட திகதிக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. ஆகவே சட்டத்தின் கண்ணில் அது நல்ல பியர். அதுமட்டுமன்று, அந்தப் பெட்டிகள் வந்த வாரத்தில் குளிர் அறை முழுவதும் மீனாக இருந்தபடியால், அவற்றை இரண்டு நாட்கள் தகரக் கூரையின் கீழ் அடுக்கி வைத்தவன் நானே. அந்தத் தவறு என்னுடையது. நான்கு பெட்டிகள், 96 ரின்கள். நிர்வாகத்திடம் சொன்னேன்; விலையைக் குறைக்க அவர்கள் ஒப்பவில்லை. கடைசி ரின் வரைக்கும் முழு விலைக்கே விற்றார்கள். அன்றிலிருந்து இந்த விடயம் என் மனத்தை விட்டு அகலவில்லை.

பியரைக் கெடுப்பவை மூன்று: வெப்பம், காற்று, வெளிச்சம். ஹொப்ஸ் என்னும் கொடியின் பூக்களே பியருக்குக் கசப்பையும் மணத்தையும் தருகின்றன. கசப்பு நீண்டகாலம் நிற்கும், மணம் நில்லாது. ஐ.பி.ஏ. போன்ற வகைகளில் பியர் நொதித்த பின்னரும் ஹொப்ஸை அள்ளிப் போட்டு ஊறவைப்பது அந்த மெல்லிய, பறந்துபோகும் எண்ணெய்களுக்காகத்தான். அடைக்கும்போது உள்ளே சிக்கிக்கொள்ளும் மிகச் சிறிதளவு ஒட்சிசன்கூட நாளாக நாளாக அந்த எண்ணெய்களைத் தின்று, பியருக்குக் காட்போட் வாடையைக் கொடுத்துவிடுகிறது. இந்த வேலை வெப்பத்தில் பல மடங்கு விரைவாக நடக்கும். அமெரிக்க பியர்த் தொழிலில் இருப்பவர்கள் இதற்கு ஓர் எளிய கைக்கணக்கு வைத்திருக்கிறார்கள்: 32 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 3 நாட்கள், 22 பாகையில் 30 நாட்கள், 3 பாகையில் 300 நாட்கள் ஆகிய மூன்றும் பியருக்கு ஏறத்தாழ ஒரே அளவு முதுமையைக் கொடுக்கும். மே மாதத்திலிருந்து ஆகஸ்ட் வரை, கச்சான் காற்று அனலாய் வீசும் நாட்களில், திருகோணமலையில் நிழலிலேயே 32 பாகையைக் கடப்பது சாதாரணம். தகரக் கூரையின் கீழ் எவ்வளவு இருக்கும் என்பதை அங்கே நின்று மூட்டை தூக்கியவர்கள் அறிவார்கள். அந்தக் கணக்கின்படி நான் தகரத்தின் கீழ் வைத்த இரண்டு நாட்கள், குளிர் அறையில் கழிந்திருக்க வேண்டிய அரை ஆண்டுக்கும் மேலானது.

வெளிச்சத்தின் கதை இன்னும் விரைவானது. ஹொப்ஸின் கசப்புப் பொருள்கள் வெயிலில் சிதைந்து கந்தகம் கலந்த ஒரு பொருளை உண்டாக்குகின்றன. அமெரிக்காவில் ‘ஸ்கங்க்’ என்னும் விலங்கு எதிரியின்மேல் பீய்ச்சும் நீரின் நாற்றத்துக்கு நெருங்கிய நாற்றம் அது. கபில நிறப் போத்தல் இதைப் பெருமளவு தடுக்கும், பச்சைப் போத்தலும் நிறமற்ற போத்தலும் தடுப்பது குறைவு, ரின் முழுவதுமாகத் தடுக்கும். ஆனால் கிளாஸில் ஊற்றியபின் எதுவும் தடுக்காது. உப்புவெளி மணலில் நடுப்பகல் வெயிலில் மேசை போட்டு, அழகாகத் தெரிய வேண்டும் என்று கண்ணாடிக் கிளாஸில் பியரை ஊற்றி வைத்தால், படம் எடுத்து முடிவதற்குள் அதன் வாசம் மாறத் தொடங்கிவிடும். ஓலைக் குடையின் நிழலுக்கு மேசையை நகர்த்துவதற்கு எந்தச் செலவும் இல்லை. கடைகளின் கண்ணாடி அலுமாரியில் வெயில் படும்படி பச்சைப் போத்தல்களை வரிசையாக நிறுத்துவதும் இதே தவறுதான்.

இதற்கு ஒரு மறுமொழி உண்டு, அதைப் படித்தவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். ஐ.பி.ஏ. என்பதன் விரிவே ‘இந்தியா பேல் ஏல்’ அல்லவா, இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்குக் கப்பலில் வருவதற்கென்றே ஹொப்ஸ் கூட்டிக் காய்ச்சப்பட்ட பியர் அல்லவா, அப்படியிருக்க எங்கள் வெப்பத்தில் அது எப்படிக் கெடும் என்று கேட்கிறார்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டனின் போ பகுதியில் இருந்த ஹொட்ஜ்சனின் ஆலையும், 1820களிலிருந்து பேர்ட்டன் நகரத்து ஆலைகளும் இந்தியாவுக்குப் பேல் ஏலை அனுப்பியது உண்மை. ஆனால் அந்தப் பியர் மரப் பீப்பாய்களில் மாதக்கணக்கில் ஊறி முதிர்வதற்கென்றே செய்யப்பட்டது. முதிர்ந்த சுவைதான் அதன் சுவை. அந்நாளைய படைவீரர்களோ கருமையான போர்ட்டர் பியரைத்தான் பெருமளவில் குடித்தார்கள். 1795இல் பிரித்தானியர் கைக்கு வந்து, 1957 வரை அவர்களின் கடற்படைத் தளமாக இருந்த எங்கள் துறைமுகத்துக்கும் அத்தகைய பீப்பாய்கள் வந்திறங்கியிருக்கும். இன்று ஐ.பி.ஏ. என்ற பெயரில் விற்கப்படுவது பெயரால் மட்டுமே அதற்கு உறவு. இது பழ வாசத்துக்காகச் செய்யப்படுவது. அதிலும் கலங்கலாகத் தோன்றும் புதிய வகை, பூவைப் போலச் சில வாரங்களுக்கே உரியது. கலிபோர்னியாவின் ஸ்டோன் ஆலை 2012 முதல் ஓர் ஐ.பி.ஏ. வகைக்கு, எந்தத் திகதிக்குள் அதைக் குடித்து முடிக்க வேண்டுமோ அந்தத் திகதியையே பெயராக வைத்துப் பெரிய எழுத்தில் ரின்னிலும் போத்தலிலும் அச்சிடுகிறது. செய்தவர்களே இவ்வளவு அவசரம் காட்டும் ஒரு பொருளை நாங்கள் ஓராண்டு கழித்து, வெந்த நிலையில், பெருமையோடு வாங்குகிறோம்.

இனி விலைக்கு வருகிறேன். கிராஃப்ட் பியர் விலை கூடியதாக இருப்பதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. சிறு ஆலைக்கு மோல்ட் எனப்படும் முளைகட்டி உலர்த்திய பார்லியும் ஹொப்ஸும் மொத்த விலைக்குக் கிடைக்காது, ஊறவைக்கும் ஹொப்ஸ் பியரின் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்வதால் நட்டமும் உண்டு, வேலையாட்கள் கூடுதல். இங்கே வந்ததும் இறக்குமதித் தீர்வை, மதுவரி, 18 வீத வற் வரி, விடுதியில் 10 வீத சேவைக் கட்டணம் என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகிறது. இவற்றை நான் மறுக்கவில்லை. நான் மறுப்பது, அந்த விலை பியர் பிறந்த நாளிலிருந்து சாகும் நாள் வரை ஒரு சதமும் குறையாமல் நிற்பதைத்தான். எங்கள் மீன் சந்தையில் விடியற்காலையில் வள்ளத்திலிருந்து இறங்கிய அறக்குளாவுக்கு ஒரு விலை. பத்து மணிக்கு ஒரு விலை. மிஞ்சியது பின்னேரம் போகும் விலை வேறு. அதற்கும் மிஞ்சினால் கருவாடு. செவுளைத் தூக்கி நிறம் பார்க்காமல், வயிற்றை அமுக்கிப் பார்க்காமல் எங்கள் வீட்டுப் பெண்கள் ஒரு பாரைக் குட்டியைக்கூட வாங்குவதில்லை. பழைய மீனுக்குக் காலை விலை கேட்கும் வியாபாரியைச் சந்தையே சிரித்து அனுப்பிவிடும். ரின்னுக்குச் செவுள் அதன் அடியில் அச்சிட்ட திகதி. அதைப் பார்க்காமல் ஒரு நாள் கூலியில் பெரும்பங்கைக் கொடுத்துவிட்டு, சுவை பிடிக்காதபோது ‘எனக்குத்தான் இதன் அருமை தெரியவில்லை’ என்று தன்னையே குறைசொல்லிக்கொள்ளும் இளைஞர்களை நான் பார்த்திருக்கிறேன். என் மருமகன் ஒருவன் அப்படிச் சொன்னபோது எனக்கு மிகுந்த வேதனையாக இருந்தது. அவன் நாக்கில் குற்றமில்லை. அது பழைய பியர்.

விடுதிக்காரருக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. கட்டிய வரி பியர் பழசானால் திரும்பி வராது. ஆனால் அதற்கு வழி, பருவம் முழுவதற்கும் ஒரேயடியாக வாங்கிக் குவிக்காமல், இரண்டு வாரத்துக்குப் போதுமானதை மட்டும் எடுப்பதுதான். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த நாட்களில், குளிர் அறையை வெறும் அறையாகப் பார்த்தவர்கள் நாங்கள். அதிகம் வைத்திருந்தவர்களே அதிகம் இழந்தார்கள்.

வகைகளைப் பற்றி நான் சொல்ல விரும்புவது சுருக்கமானது, ஆனால் இதற்குத்தான் கூடுதல் எதிர்ப்பு வரும் என்று நினைக்கிறேன். கிராஃப்ட் பியர் விரும்பிகள் லாகரை ஏளனமாகப் பார்க்கிறார்கள். நான் அதை உயர்வாகப் பார்க்கிறேன். 1842இல் பொஹீமியாவின் பில்சன் நகரில் பிறந்த வெளிர்பொன் லாகர், காய்ச்சுவதற்கு மிகக் கடினமான வகைகளில் ஒன்று. ஹொப்ஸ் வாசத்தின் பின்னாலோ பழச்சாற்றின் பின்னாலோ அதில் எந்தக் குறையையும் மறைக்க முடியாது, குளிரில் வாரக்கணக்கில் பொறுமையாக ஆறவைக்கவும் வேண்டும். கடற்கரை வெக்கையில் வியர்த்து வருகிறவருக்கு, பியகமையிலிருந்து ஒரு மாதத்துக்குள் வந்து சேர்ந்து, குளிரிலேயே இருந்த உள்ளூர் லாகர், பதினொரு மாத வெளிநாட்டு ஐ.பி.ஏ.யைவிட எல்லா வகையிலும் மேலானது. பயணத்தைத் தாங்கும் பியர் வேண்டுமென்றால் கருமையான, வீரியமான ஸ்டௌட் இருக்கிறது. வறுத்த மோல்ட்டின் கோப்பிச் சுவையும் கூடுதலான மதுசாரமும் சேர்ந்து அதை மெதுவாகவே முதுமையடைய விடுகின்றன. அமெரிக்காவில் பியர் நடுவர்களுக்குச் சான்றளிக்கும் அமைப்பு 2015இல் வெளியிட்ட வகைப்பாட்டு வழிகாட்டி, ‘வெப்பமண்டல ஸ்டௌட்’ என்று ஒரு தனி வகையையே வகுத்து, அதற்கு எடுத்துக்காட்டுகளில் ஒன்றாக எங்கள் நாட்டு லயன் ஸ்டௌட்டைக் குறிப்பிடுகிறது. உலகம் தனி வகையாக ஏற்றுக்கொண்ட பியரை எங்கள் விடுதிகள் பட்டியலின் கடைசி வரியில் போட்டுவிட்டு, வெந்துபோன இறக்குமதியை முதல் வரியில் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனாலும் 8.8 வீத மதுசாரம் கொண்ட பியரை, தண்ணீர்த் தாகத்துக்கு லாகர் குடிப்பதைப் போல யாரும் குடிக்கக் கூடாது. இந்த ‘ஸ்ட்ரோங்’ வகைகளைக் காசுக்கு எவ்வளவு வெறி என்று கணக்குப் பார்த்து வாங்கும் பழக்கம் எங்கள் ஊரில் வேரூன்றியிருப்பது கவலைக்குரியது. 4 வீதத்துக்குக் குறைவான, நல்ல சுவையுள்ள பியரை இங்கிலாந்தின் மதுச்சாலைகள் அன்றாடம் ஊற்றுகின்றன. அத்தகைய மென்மையான பியர் எங்கள் வெப்பத்துக்கு வேண்டியது. அதை யாரும் கொண்டுவருவதில்லை.

புதிதாய், உள்ளூரில், சிறு அளவில் செய்யப்பட்டது என்பதுதான் கிராஃப்ட் என்ற சொல்லின் பொருள் என்றால், அது எங்களிடம் முன்பே இருக்கிறது. நிலாவெளிக்கு அப்பால் உள்ள பனங்கூடல் ஒன்றுக்கு, ஓய்வு பெற்ற பின்னர் ஒரு நாள் விடியற்காலையில் போயிருந்தேன். சீவல் தொழிலாளி ஒருவர் இடுப்பில் கத்தியோடு மரத்திலிருந்து இறங்கி, முட்டியை மெதுவாக நிலத்தில் வைத்தார். வாய்விளிம்பு வரை வெண்ணுரை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. காதைக் கிட்டக் கொண்டுபோனால் சிறு மழையின் சத்தம் போலக் கேட்டது. பன்னாடையால் வடித்து, தேனீக்களையும் பாளைத் துகள்களையும் நீக்கி, பச்சைப் பனையோலையில் கோலிய பிளாவில் ஊற்றித் தந்தார். இனிப்பும் இலேசான புளிப்பும், ஓலையின் பச்சை வாசமும் ஒன்றாக இருந்தன. ‘அண்ணை, இப்ப குடிச்சால்தான் இது. வெயில் ஏறினால் வேற சாமான்’ என்று அவர் சொன்னார். பத்து மணிக்கு அதே முட்டியிலிருந்து மீண்டும் சுவைத்தேன். இனிப்பு போய்ப் புளிப்பு மேலோங்கியிருந்தது. பின்னேரத்தில் அது கடுத்துவிடும், மேலும் விட்டால் காடியாகிவிடும். புதிதாக இருப்பது என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்கு எங்கும் கிடைத்ததில்லை. முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் நொதியாமல் கருப்பநீராக இறங்கும். தடவாவிட்டால் காற்றிலும் பாளையிலும் இருக்கும் நுண்ணுயிர்களே, யாரும் எதையும் சேர்க்காமல், அதைக் கள்ளாக்குகின்றன. பெல்ஜியத்தில் பிரசெல்ஸ் நகரைச் சுற்றி லாம்பிக் என்ற பியரை இப்படித்தான் செய்கிறார்கள். கொதிக்கவைத்த மோல்ட் நீரை இரவுக் காற்றில் திறந்து வைத்து, காற்றோடு வரும் நுண்ணுயிர்களால் நொதிக்க விட்டு, ஒன்று முதல் மூன்று ஆண்டுகள் மரப் பீப்பாயில் வைக்கிறார்கள். அதன் ஒரு போத்தலுக்கு உலகம் பெரும் விலை கொடுக்கிறது. அதே இயற்கை நொதிப்பை ஓர் இரவில், ஒரு மர உச்சியில் செய்து தரும் எங்கள் சீவல் தொழிலாளிக்கு, உயிரைப் பணயம் வைத்து நாளுக்கு இருமுறை ஏறி இறங்கியும், கிடைப்பது சொற்பம்.

கள்ளைத் தவறணைக்கு உரியதென்றும், பியரை மரியாதைக்குரியதென்றும் பிரிக்கும் பழக்கத்தின் பின்னால், பொருளின் தரம் பற்றிய எந்த மதிப்பீடும் இல்லை. தொழிலையும் அதைச் செய்பவரையும் தாழ்வாகப் பார்க்கும் பழைய மனநோய்தான் இருக்கிறது. இதைச் சொல்வதற்கு நான் தயங்கவில்லை. வெளிநாட்டுப் பயணிகள் எங்கள் கரைக்கு வருவது தங்கள் ஊர் ரின்னை இங்கே கெட்ட நிலையில் குடிப்பதற்கு அன்று. அனுமதி பெற்ற தவறணையிலிருந்து காலையில் எடுத்த கள்ளைக் குளிரில் வைத்து, அன்றைய மதியத்துக்குள் மட்டும், எந்த மரத்துக் கள், எத்தனை மணிக்கு இறக்கியது என்று பலகையில் எழுதிப் பரிமாறும் ஏற்பாட்டை மதுவரித் திணைக்களமும் பனை தென்னைவளக் கூட்டுறவுச் சங்கங்களும் சேர்ந்து செய்து கொடுக்கலாம். அதில் வரும் பணம் எங்கள் மாவட்டத்துக்குள்ளேயே நிற்கும். கள்ளில் கலப்படம் செய்கிறார்கள் என்று ஒருவர் சொல்லக்கூடும். செய்கிறவர்கள் இருக்கிறார்கள், பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் அவர்களைப் பிடிக்கத்தான் வேண்டும். கலப்படக்காரருக்காக நல்ல தொழிலாளியின் பொருளையும் ஒதுக்குவது நியாயமாகாது.

விடுதி நடத்துபவர்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் ஒன்றுமில்லை. விலைப்பட்டியலில் பியரின் பெயருக்கும் விலைக்கும் நடுவில், அது அடைக்கப்பட்ட மாதத்தையும் ஒரு வரியாகச் சேருங்கள். ஆறு மாதம் கடந்த ஐ.பி.ஏ.யை அரை விலைக்குக் கொடுங்கள், அல்லது சமையலறைக்குக் கொடுத்து இறால் பொரிக்கும் மாவில் கரைக்கச் சொல்லுங்கள். மா அதற்கு நன்றாகப் பொங்கும். லொறியிலிருந்து இறக்கிய பெட்டி நேராகக் குளிருக்குள் போகட்டும். இடமில்லையென்றால் அன்றைக்கு இறக்காதீர்கள். இறக்குமதி செய்பவர்கள் முடிவுத் திகதியை மட்டும் அச்சிட்டு அடைத்த திகதியை மறைக்கும் பொருட்களை வாங்காமல் விட வேண்டும். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை, பால்மாப் பைக்கற்றில் பார்க்கும் அதே கண்ணோடு இந்த ரின்களின் அடியையும் கவிழ்த்துப் பார்க்க வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

வாங்குபவர்கள் கேட்கத் தொடங்கினால் விற்பவர்கள் மாறுவார்கள் என்பதை என் ஊரிலேயே கண்டேன். நான் வழமையாகப் போகும் கடையில், கடந்த ஆண்டு முழுவதும், பணம் கொடுப்பதற்கு முன் போத்தலை வாங்கித் திகதியை வாசித்துவிட்டே எடுத்தேன். முதலில் கடைப் பையனுக்கு அது பிடிக்கவில்லை. இப்போது நான் வாசலில் நிற்பதைக் கண்டதும், முன்வரிசையை விட்டு உள்வரிசையில் கைவிட்டு எடுத்து, திகதி என் பக்கம் தெரியும்படி மேசையில் வைக்கிறான். போன வெள்ளிக்கிழமை அவன் வைத்த லாகர் ஐந்து வாரத்துக்கு முன் அடைக்கப்பட்டது. ஒன்று வாங்கினேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற களஞ்சியப் பொறுப்பாளர் ஒருவர்,
அலஸ்தோட்டம், திருகோணமலை.